முன்னும் பின்னும் பத்துப் பக்கம்

17ஆம் நூற்றாண்டு டச்சுக் கணக்கர்களின் கையெழுத்தில் 'என்' எழுத்தும் 'யூ' எழுத்தும் ஒன்றுதான். இரண்டுமே இரண்டு குச்சிகள். 'யூ' என்றால் தலைக்கு மேல் சின்னதாக ஒரு வளைவு போடுவார்கள். கப்பல் கிளம்பும் அவசரம் என்றால் அதுவும் இருக்காது. 'ஹெச்' கோட்டுக்குக் கீழே இறங்கி அடுத்த வரியை இடிக்கும். 'ஈ' முதுகைக் காட்டி நிற்கும். லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் குளிர்காலம் முழுக்க நான் செய்த ஆராய்ச்சி, இந்தக் குச்சிகளைப் பிரித்துப் படித்ததுதான்.

என் தலைப்பு நாகப்பட்டினத்துத் துணி வணிகம். 1602இல் தொடங்கி 1799இல் கலைந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1781இல் ஆங்கிலேயரிடம் தோற்கும்வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் கம்பெனியைச் சுருக்கமாக வி.ஓ.சி. என்பார்கள். கம்பெனிக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டவருக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து என்பதால், ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிதம்பரனாரை விலக்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் ஒரு வேலை. படிப்பென்று சொன்னால் அங்கே சிரிப்பார்கள். நான்கு ஆண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம், ஓய்வூதியப் பிடித்தம், மே மாதத்தில் விடுமுறைக்கென்று ஆண்டுச் சம்பளத்தில் 8 சதவீதம். முதலாண்டு முடிவில், இவள் தொடரலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். ஊரில் என் தோழிகள் உதவித்தொகை எப்போது வருமென்று காத்துக்கொண்டு, வழிகாட்டியின் வீட்டு விசேஷத்துக்குப் பந்தியும் பரிமாறிக்கொண்டு இருந்தார்கள். எனக்கோ ஐந்து மணிக்கு மேல் வேலை செய்தால், "நாளைக்குப் பார்க்கலாமே, வீட்டுக்குப் போ" என்றார்கள். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சம்பளம் வாங்குகிறவளிடம் கணக்கும் கேட்பார்கள். என் வழிகாட்டி முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "இதில் எது நீ கண்டுபிடித்தது, எது மற்றவர்கள் சொன்னது?" குரலில் கோபமில்லை. காபிக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கும் அதே குரல்.

அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது விதி. அறுபதைத் தாண்டிய பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு வாய் வரவில்லை. வெகுநாள்வரை என் மின்னஞ்சல்கள் விளி எதுவும் இல்லாமல் நேராக விஷயத்தில் தொடங்கின. அதையும் அவர் டச்சு நேர்மை என்று எடுத்துக்கொண்டு பாராட்டினார்.

அறை தேடிய கதையைச் சொல்லாமல் லைடனைச் சொல்ல முடியாது. நகரம் சின்னது. கால்வாய்களுக்கு நடுவே ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய வீடுகள். மாணவர்கள் பல ஆயிரம். பங்கு வீட்டில் ஓர் அறை காலியானால் குடியிருக்கும் மாணவர்களே ஒரு மாலையில் விண்ணப்பித்தவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிப்பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அசல் பெண் பார்க்கும் படலம். ஒரே சோபாவில் ஏழெட்டு மணப்பெண்கள், கையில் பஜ்ஜித் தட்டுக்குப் பதில் பியர். "ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வாய்?" என்று கேட்டார்கள். துணி துவைப்பேன் என்றேன். அறை வேறொருத்திக்குப் போயிற்று. கடைசியில் கிடைத்தது மூன்றாம் மாடியில் கூரைச்சரிவின் கீழ் ஓர் அறை. படிக்கட்டு ஏணிக்கு அண்ணன். மெத்தையும் மேசையும் அதில் ஏறாது. அதற்காகவே அந்த ஊர் வீடுகளின் நெற்றியில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுக்க வேண்டும். என் மேசையும் தெருவே வேடிக்கை பார்க்க அப்படித்தான் மேலே வந்தது.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் நியூவ ரைன் கால்வாய்க் கரையில் சந்தை. நாகையில் பிறந்தவளுக்கு மீன் கடையை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஹெர்ரிங் மீனை உப்பில் மட்டும் பதப்படுத்தி, அடுப்பில் ஏற்றாமலே வெங்காயம் தூவி வாலைப் பிடித்து அண்ணாந்து விழுங்குவதைப் பார்த்தபோது இரண்டடி பின்வாங்கினேன். சீஸ் கடையில்தான் சமாதானம் ஆயிற்று. லைடன் சீஸில் சீரகம் போடுவார்கள். வெறும் ரொட்டியும் சீஸுமாக, சூடில்லாத மதியச் சாப்பாடு சாப்பிடும் தேசத்தில், பல்லில் சீரகம் கடிபடும்போது வரும் நிம்மதியை விளக்க முடியாது. கறிவேப்பிலைக்கு இந்தோனேசியர்களின் தோக்கோ கடைகள். பாகற்காய், வெண்டைக்காய்க்கு ஹேக் நகரத்துச் சந்தை. சூரினாமிலிருந்து வந்த போஜ்புரி வம்சாவளியினர் அங்கே நிறைய. அவர்களிடம் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டால் இரண்டு நாள் தாங்கும்.

என் உண்மையான பணியிடம் லைடன் அல்ல, அந்த ஹேக்தான். ரயிலில் கால் மணி நேரம். ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே தேசிய ஆவணக் காப்பகம். கம்பெனியின் காகிதங்களை அடுக்கி வைத்த அலமாரிகளின் மொத்த நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் அவை சேர்ந்தன. ஆசியாவின் ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் கடிதம், கணக்கு, கூட்டக் குறிப்பு, சரக்குப் பட்டியல் எல்லாவற்றையும் படியெடுத்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) வழியாகவும் நேராகவும் தாயகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆண்டு வாரியாக, இடம் வாரியாகக் கட்டினார்கள். தலையணை கனத்தில் ஒவ்வொரு கட்டு. படிப்பறைக்குள் பேனா ஆகாது, பென்சில் மட்டும். பையும் மேல்கோட்டும் வெளியே பெட்டியில். கட்டைப் பஞ்சுத் தாங்கியில் சாய்த்து வைத்து விரிக்க வேண்டும். மையை உறிஞ்ச அன்றைக்கு மணல் தூவியிருப்பார்கள். சில மடிப்புகளைப் பிரித்தால் அந்த மணல் இன்னும் மேசையில் கொட்டும். கடுக்காயைப் போல ஓக் மரத்து மாசிக்காயும் இரும்பு உப்பும் கலந்த மை, முந்நூறு ஆண்டில் தாளையே அரித்து மறுபக்கம் வந்திருக்கும். அப்போது முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

அப்பா நாகப்பட்டினத்தில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கீற்றுக் கொட்டகையில் தொடங்கி கம்ப்யூட்டர்வரை பார்த்தவர். பழைய மூலப் பத்திரங்களின் கிறுக்கலைப் படிக்கவென்றே பக்கத்துத் தாலுகாவிலிருந்து ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: "முதல் வரியிலேர்ந்து படிக்காதம்மா. அங்க எல்லாம் அலங்காரமாத்தான் எழுதியிருப்பான். செக்குபந்தியத் தேடு. எழுதுனவன் அங்கதான் நிதானமா எழுதியிருப்பான். அந்தக் கைய மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் மேலே போ."

டச்சுக் கடிதத்தில் நிலத்தின் நாலு எல்லை சொல்லும் செக்குபந்தி ஏது? ஆனால் சரக்குப் பட்டியல் உண்டு. அங்கே எண்ணும் பொருளும் மாறி மாறி வரும். கினி, சலம்பூரி, மூரி என்று துணிவகைகள் திரும்பத் திரும்ப வரும். என்ன வரப்போகிறது என்று தெரிந்திருப்பதால் எழுத்தின் வடிவம் தானாகப் பிடிபடும். ஒரு கணக்கரின் கை அங்கே பழகிவிட்டால் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் வழுக்காமல் நடக்கலாம். லைடனில் தொல்லெழுத்து வகுப்பு எடுத்த ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "உன் அப்பாவுக்கு எந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டார்.

ஒரு விதத்தில் லைடனும் துணி ஊர்தான். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெரிய கம்பளித் துணி நகரங்களில் ஒன்று. 1640இல் கட்டிய துணி மண்டபம் இப்போது அருங்காட்சியகம். அந்நாளில் அங்கே ஒவ்வொரு துணியையும் சோதித்துத் தரத்துக்கேற்ப ஈய முத்திரை தொங்கவிடுவார்கள். அதே காலத்தில் நாகையில் கம்பெனி ஆட்கள் நெசவாளரின் துணியை மாதிரித் துண்டோடு ஒப்பிட்டு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து, ஒட்டாததைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடியான துணிக்கு முன்பணம் யார் திருப்புவது என்ற தகராறு கடிதங்களில் ஓயாது. என் ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்தத் தகராறுதான். சின்னப்பா அரசரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து வரலாற்றாசிரியர் இந்தக் கட்டுகளைப் படித்து 1986இல் சோழமண்டல வணிகர்களைப் பற்றி எழுதிய நூல் எங்கள் துறையில் இன்றும் அடிப்படை. அவருக்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் அவர் விட்ட இடங்களைத்தான் தோண்டுகிறோம். நானும்தான்.

துணியைத் தேடிப் பக்கம் திருப்பும்போதுதான் மற்றது வந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் கடும் பஞ்சம். பீஜப்பூர்ப் படை புகுந்து வயலை அழித்தது ஒரு காரணம். உயிர் பிழைக்கத் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானோரைக் கம்பெனி வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றியது. வரலாற்றாளர்கள் எழுதிய செய்திதான். நானும் படித்திருந்தேன். ஆனால் அரிசி, துணி, சாயவேர் என்று இறங்கிவரும் பட்டியலில் அதே நிதானமான கையெழுத்தில், அதே பத்தியில், தலைக்கணக்கும் விலையுமாக மனிதர்கள் வருவதைப் பார்ப்பது வேறு. அன்று பட்டியலை முழுக்கப் பகர்த்தி எழுதினேன். என் தலைப்புக்கு அது தேவையில்லை. வழிகாட்டி, "பிற்சேர்க்கையில் வை" என்றார். நான் மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தேன். நெசவாளர் ஏன் கம்பெனியின் முன்பணத்துக்குக் கைநீட்டினார்கள் என்பதற்கு அந்தப் பஞ்சத்தைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஒரு மாதம் இருவரும் இதை விவாதித்தோம். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "உன் ஆய்வேடு, உன் பெயர்" என்று விட்டுவிட்டார்.

அக்டோபர் 3 லைடனுக்குப் பெருவிழா. 1574இல் ஸ்பானியப் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. உள்ளே பசியிலும் நோயிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். கடைசியில் அணைகளை வெட்டி வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சி, அந்தத் தண்ணீரின் மேல் படகில் வந்து கலகப்படையினர் நகரை மீட்டார்கள். கையோடு கொண்டுவந்தது ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். அதற்கடுத்த பிப்ரவரியில், 1575இல், ஆரஞ்சு இளவரசர் வில்லியம் நகருக்குப் பல்கலைக்கழகம் தந்தார். வரிவிலக்கு வேண்டுமா பல்கலைக்கழகம் வேண்டுமா என்று அவர் கேட்க, நகரத்தார் பல்கலைக்கழகம் கேட்டார்கள் என்று ஒரு கதை. லைடன்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள், பாதிப் பேர் நம்புவார்கள். விழாநாளில் பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. ஊரெங்கும் ராட்டினம், பேண்டு வாத்தியம். மக்கள் வரிசையில் நின்று மீனும் ரொட்டியும் வாங்குவார்கள். வீடுகளில் கேரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த கூட்டு.

பட்டியலைப் பகர்த்தி எழுதிய ஆண்டின் விழாவுக்கு வீட்டுத்தோழி என்னையும் இழுத்துப்போனாள். மீன் வரிசையில் நிற்கும்போது 1574க்கும் 1659க்கும் கழித்துப் பார்த்தேன். எண்பத்தைந்து ஆண்டு. பசியை மறக்கக் கூடாதென்று விழா எடுக்கும் நாட்டின் கப்பல்கள், ஒரு மனித ஆயுளுக்குள், இன்னொரு ஊரின் பசியை விலைக்கு வாங்கியிருக்கின்றன. அவளிடம் சொன்னேன். அவள் உயிரியல் மாணவி. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "இதைப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லவில்லை" என்றாள். அப்புறம் இருவரும் மீனை வாங்கிக்கொண்டோம். அதற்குள் எனக்கு வாலைப் பிடித்து விழுங்கப் பழகியிருந்தது.

லைடன் என்றதும் தமிழர்கள் கேட்பது செப்பேடுகளைப் பற்றி. கல்கி புண்ணியத்தில் அந்தப் பெயர் நம் வீடுகளில் தெரியும். பெரிய செப்பேடு 21 இதழ், சிறியது 3 இதழ். நாகையில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைப் பெரிய செப்பேடு சொல்கிறது. இந்தச் செப்பேடுகளை ஹமாக்கர் என்ற லைடன் பேராசிரியரின் குடும்பத்தார் 1862இல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 1867இல், நாகையில் பௌத்தர்களுடையது என்று கருதப்பட்ட புதுவெளிக் கோபுரத்தை இடித்தார்கள். நான் படித்த காலத்தில் செப்பேடுகள் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புச் சேகரிப்பில் இருந்தன. ஊரிலிருந்து யார் வந்தாலும், "காட்ட முடியுமா?" என்பார்கள். நான் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வரவில்லை. சோழ முத்திரை வளையம் என் கையைவிடக் கனம், எழுத்து அந்த டச்சுக் கணக்கர்களைவிட ஆயிரம் மடங்கு தெளிவு. புகழுரை முடிந்து நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் பகுதி நீண்டுகொண்டே போகிறது. அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு ராஜராஜனில் அக்கறையில்லை. "நாலு எல்லையும் போட்டிருக்கானா? அளந்தவன் பேர் போட்டிருக்கானா?" என்றுதான் கேட்டார்.

ஆய்வேட்டைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகுதான் பொது விவாதம் நடக்கும். அதில் யாரையும் தோற்கடிப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் வயிறு கலங்கும். ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில் ஒருகாலத்தில் கன்னியர் மடத்துக் கோயிலாக இருந்த கட்டடம்தான் பல்கலைக்கழகத்தின் தலைமை இடம். மாடியில் 'வியர்வை அறை' என்றொரு சின்ன அறை. தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் பெயரெழுதி வைத்திருக்கிறார்கள். சர்ச்சில், மண்டேலா கையெழுத்துகூட உண்டு. எனக்கும் இரண்டு தோழர்கள், சம்பிரதாயப்படி இரு பக்கமும். ஆண்களுக்கு வால்கோட்டு. நான் அம்மாவின் அரக்குப் பட்டு. சரியாக 45 நிமிடம் கறுப்பு அங்கி போட்ட பேராசிரியர்கள் மாறி மாறிக் கேட்பார்கள். நேரம் முடிந்ததும் கோல் பிடித்த அலுவலர் உள்ளே வந்து கோலைத் தரையில் தட்டி லத்தீனில், "ஹோரா எஸ்ட்", நேரமாயிற்று என்பார். பேசிக்கொண்டிருப்பவர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் அவ்வளவுதான்.

ஆய்வேட்டோடு, விவாதத்துக்கென்று தனித்தனிக் கருத்துகளையும் ஒரு தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். என்னுடைய ஒன்று: ஆவணத்தில் தேடியது கிடைத்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் படித்த பிறகே குறிப்பெடுக்க வேண்டும். ஒரு பேராசிரியர் அதையே பிடித்துக்கொண்டார். "ஏன் பத்து? இருபது ஏன் இல்லை?" என்றார். "ஐந்து மணிக்குப் படிப்பறையை மூடிவிடுவார்கள்" என்றேன். அவையில் சிரிப்பு. ஆனால் பதில் உண்மை.

இன்று யாரும் அந்தக் கட்டுகளைப் புரட்ட வேண்டியதில்லை. ஆசியாவிலிருந்து வந்த அந்தக் கடிதங்கள், கிட்டத்தட்ட 50 லட்சம் பக்கம், படமெடுத்து, கையெழுத்தை இயந்திரமே படித்து, தேடும்படி இணையத்தில் கிடக்கின்றன. எங்கள் ஆட்களில் சிலர் இதை வரலாற்றுக்கு வந்த கேடு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விமானச் சீட்டும் விசாவும் இல்லாமல் திருவாரூரில் உட்கார்ந்து ஒரு பிள்ளை இதைப் படிக்க முடியும் என்பது சின்ன விஷயமா? ஆனால் தேடுகிற சொல் மட்டும்தான் திரையில் வரும். 'சலம்பூரி' என்று தட்டினால் சலம்பூரி வரும். அடுத்த வரியில் ஏற்றிய மனிதர்கள் வர வேண்டுமென்றால் அந்தச் சொல்லையும் தட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இயந்திரம் டச்சுச் சொற்களை நன்றாகப் படிக்கிறது. தமிழ்ப் பெயர்களில் தடுமாறுகிறது. அந்த இரண்டு குச்சிகளில் எது 'என்', எது 'யூ' என்று டச்சு அகராதி சொல்லித் தராது. ஒரே செட்டியாரை நான்கு கணக்கர்கள் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். அதனால், ஊர் திரும்பிய பிறகு, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கொச்சியிலிருந்து வந்த டச்சு ஏடுகளைப் பார்க்கும் நாள் போக, மற்ற நாட்களில் என் மாணவர்களும் நானும் நாகை வணிகர்களின் பெயர்களைக் கையால் அடைவு செய்கிறோம். அப்பாவும் உதவுகிறார். பட்டாவில் பார்த்த குடும்பங்கள் சில அதில் இருப்பதாகச் சொல்கிறார். அதை நான் இன்னும் நம்பவில்லை. இப்போது 'ம' வரிசை ஓடுகிறது. மரைக்காயர்கள் அதிகம் என்பதால் இந்த ஆண்டு அதிலேயே போகும்.